டாய்மேன்: கரடி பொம்மைக்குள்ள என்ன இருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில வாக்கியங்களை மட்டும் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். மீதி, பேசினது பேசினபடி.)

இந்த எபிசோடை வழக்கமான ரூம்ல உட்கார்ந்து ரெகார்ட் பண்ணல. பட்டினச்சேரியில, அக்கா வீட்டு மொட்டைமாடியில இருக்கேன். காரைக்கால் பக்கம், திருமலைராயன்பட்டினத்தை ஒட்டின மீனவர் ஊர். பின்னாடி ஒரு இரைச்சல் வந்துக்கிட்டே இருந்தா அது மைக் கோளாறு இல்ல, கடல்.

தீபாவளிக்கு வந்தேன். அக்கா பையனுக்கு ஏழு வயசு. ஒரு கையில கேப் துப்பாக்கி, இன்னொரு கையில டேப்லெட். டேப்லெட்ல 1996ல ஆரம்பிச்ச சூப்பர்மேன் அனிமேஷன் சீரிஸ் ஓடுது. அதுல டாய்மேன்னு ஒரு வில்லன். பெரிய பொம்மைத் தலை ஒன்னை மாட்டிக்கிட்டு வருவான். அந்த முகத்துல சிரிப்பு மாறவே மாறாது. அவன் அனுப்புற விளையாட்டுச் சாமான் எல்லாம் ஆளைக் கொல்லப் பார்க்கும். பையன் அதை நிறுத்திட்டு என்கிட்ட கேட்டான்: "பொம்மை எப்படி மாமா வெடிக்கும்?"

கேட்டுட்டு, கையில இருந்த துப்பாக்கியை 'பட்'னு சுட்டான்.

டேய், இப்ப நீ பண்ணினதுக்குப் பேர் என்னடான்னுதான் எனக்குத் தோணுச்சு. கேப் துப்பாக்கியோட அந்தச் சின்னப் பொட்டுல இருக்கிறது பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும். தீப்பெட்டியிலயும் இதே ரெண்டு பேர்தான். ஆனா அங்க ஒருத்தர் குச்சியோட தலையில இருக்கார், இன்னொருத்தர் பெட்டியோட பக்கவாட்டுல. ரெண்டு பேரும் உரசுற ஒரு நொடி மட்டும்தான் சந்திப்பு. பாதுகாப்புத் தீப்பெட்டின்னு பேர் வந்ததே இந்தப் பிரிவினையாலதான். கேப்ல ரெண்டையும் ஒரே பொட்டுல சேர்த்து வச்சிருக்காங்க. தட்டினா போதும். ஏன் விரல் போகலைன்னா, அளவு அவ்வளவு கம்மி. குழந்தை கையில இருக்கிறதுக்கும் வெடிமருந்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் சில சமயம் இவ்வளவுதான்: அளவு.

சிவகாசியில தீப்பெட்டியும் செய்யறாங்க, கேப்பும் செய்யறாங்க. நம்ம தமிழ் காமிக்ஸும் அங்கிருந்துதான் வருது. முத்து காமிக்ஸ் 1972ல, லயன் காமிக்ஸ் 1984ல. பொம்மைத் துப்பாக்கியும் காமிக்ஸ் வில்லனும் ஒரே ஊர்ல இருந்து பார்சலாகி வந்த தலைமுறை நாம.

அதனால கருவியை ஆயுதமாக்குற ஆள் நமக்குப் புதுசு இல்ல. இரும்புக்கை மாயாவி ஆரம்பத்துல நல்லவனே கிடையாது. ஆய்வகத்துல நடந்த விபத்து, இரும்புக் கை, மின்சாரம் பட்டா மறைஞ்சு போறது, அப்புறம் நேரா திருட்டு. ஸ்பைடர் அதுக்கும் மேல. வலைத் துப்பாக்கி, வாயுத் துப்பாக்கின்னு வச்சுக்கிட்டு ஒரு குற்றச் சாம்ராஜ்யமே கட்டப் பார்த்தவன். அந்த ஸ்பைடர் கதைகள்ல பலதை எழுதினது யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர். 60கள்ல பிரிட்டிஷ் பத்திரிகைக்காக எழுதினார். சிவகாசி வழியா அது நம்ம கைக்கு வந்துச்சு. சூப்பர்மேனைப் படைச்சவர் எழுதின வில்லனுக்குத் தமிழ்நாட்டுல ரசிகர் கூட்டம். இதை முதல்ல தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு ரெண்டு நாள் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆபீஸ்ல ஒருத்தருக்கும் ஆர்வம் இல்ல.

சரி, டாய்மேன்.

அவன் முதல்ல வந்தது 1943 செப்டம்பர் தேதி போட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் 64ஆவது இதழ்ல. எழுதினது டான் கேமரூன், வரைஞ்சது எட் டோப்ரோட்கா. வில்லனோட பேர் வின்ஸ்லோ ஷாட். கண்ணாடி போட்ட, சுருட்டை முடி வச்ச, பார்த்தா பக்கத்து வீட்டுத் தாத்தா மாதிரி ஒரு ஆள். பொம்மைகளை வச்சுக் கொள்ளையடிப்பான். அந்தக் காலத்து டாய்மேன் பெரும்பாலும் கோமாளித்தனமான திருடன்தான்.

யோசிச்சா இது விசித்திரமான வில்லன். சூப்பர்மேன் மேல குண்டே பாயாது. பொம்மை ரயில் என்ன பண்ணிடும்? அவனோட உண்மையான ஆயுதம் ரயில் இல்ல. ரயிலைப் பார்த்ததும் நம்ம மனசு சொல்லுது பாருங்க, 'இது ஒன்னும் பண்ணாது'ன்னு. அதுதான். என் தொழில்ல இதை ட்ரோஜன்னு சொல்லுவோம். சிஸ்டத்தை உடைச்சு உள்ள வர்றதில்ல. நீங்களே கதவைத் திறந்து உள்ள கூட்டிட்டு வர்றீங்க. பொம்மையைப் பொறுத்தவரைக்கும் கதவைத் திறக்கிறது ஒரு குழந்தை.

1943ங்கிற வருஷத்தையும் கவனிக்கணும். உலகப் போர் நடந்துக்கிட்டு இருக்கு. அமெரிக்காவுல பொம்மைக்கு உலோகம் கிடையாது, எல்லாம் போருக்கு. பொம்மை ரயிலுக்குப் பேர்போன லயனல் கம்பெனி 1942ல ரயில் செய்யறதை நிறுத்திட்டு கடற்படைக்குத் திசைகாட்டி மாதிரியான கருவிகள் செஞ்சு கொடுத்துக்கிட்டு இருந்துச்சு. 1943 கிறிஸ்துமஸுக்கு அவங்க வித்தது முழுக்க முழுக்க அட்டையில செஞ்ச ரயில். வெட்டி, மடிச்சு, நாமளே கோர்த்துக்கணும். கதையில ஒரு கிறுக்குப் பொம்மைக்காரன் பொம்மையை ஆயுதமாக்கின அதே வருஷம், நிஜத்துல பொம்மைத் தொழிற்சாலைகள் போருக்கு வேலை பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அதை யாரும் வில்லத்தனம்னு சொல்லல. சொல்லவும் முடியாது, ஹிட்லருக்கு எதிரா நடந்த போர் அது. ஆனா பொம்மை செய்யத் தெரிஞ்ச மெஷினுக்கும் கைக்கும் இன்னொரு வேலையும் தெரியும்ங்கிறது அப்பவே வெளிச்சம்.

அதுக்கப்புறம் டாய்மேனுக்கு நடந்ததுதான் எனக்கு முக்கியம். 1993 டிசம்பர் தேதியிட்ட சூப்பர்மேன் 84ஆவது இதழ்ல கோமாளித்தனம் எல்லாம் போச்சு. டாய்மேன் குழந்தைகளைக் கடத்துறான். கேட் கிராண்ட்ங்கிற பத்திரிகையாளரோட மகன் ஆடம் மோர்கனைக் கொலை பண்றான். சூப்பர்மேன் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுது. படிச்சவங்களுக்கு வயித்தைப் பிசைஞ்ச கதை. இப்பவும் நான் அதை ரெண்டாவது தடவை படிக்க மாட்டேன்.

15 வருஷம் கழிச்சு, 2008ல, ஆக்‌ஷன் காமிக்ஸ் 865ல ஜெஃப் ஜான்ஸ் ஒரு வேலை பண்ணினார். வின்ஸ்லோ ஷாட் ஜிம்மி ஓல்சனுக்குப் பேட்டி கொடுக்கிறான். 'நான் எந்தக் குழந்தையையும் தொட்டதில்ல. எனக்குப் பதிலா இருக்கட்டும்னு நான் செஞ்ச ரோபோ அது. அதுல கோளாறு ஆயிடுச்சு. கொன்னது அது.' இதுதான் அவன் வாதத்தோட சாராம்சம். அவன் வில்லனான கதையும் அதே பேட்டியில வருது. மனைவி செத்துப்போன துக்கத்துல, தன்னோட பொம்மை வடிவமைப்புகளை ஒரு கம்பெனிக்கு வித்தானாம். குழந்தைகளுக்குத்தான் போகணும்னு பேச்சு. கம்பெனி அதை வச்சு ராணுவத்துக்கு ஆயுதம் செஞ்சுச்சாம். அதுக்குப் பழிவாங்கத்தான் கரடி பொம்மையில குண்டு வச்சு அனுப்பினானாம்.

ரசிகர்கள் பலர் இதைக் கேட்டு நிம்மதியானாங்க. பழைய டாய்மேன் திரும்பக் கிடைச்சுட்டான். எனக்கு மட்டும் இங்கதான் உறுத்துச்சு. நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். 'அது நான் இல்ல சார், சிஸ்டம் பண்ணிடுச்சு'ங்கிற வசனத்தை வாரத்துக்கு ரெண்டு தடவை மீட்டிங்ல கேக்கிறேன். நானே சொல்லியும் இருக்கேன். ரோபோவைச் செஞ்சது யாரு? சோதிக்காம வெளியில விட்டது யாரு? செத்த பையனோட அம்மாவுக்கு இந்த விளக்கத்தால என்ன கிடைச்சுச்சு? ஷாட் தன்னைக் கழுவிக்கிட்டான், அவ்வளவுதான்.

இந்த மாடியில இருந்து பார்த்தா தெரியற கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர்ல பயணிகள் கப்பல் விட்டாங்களே, அந்தக் கரை. அங்க வன்னியில ரோட்டோரமா மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகைகள் நட்டிருந்தாங்க. மூணு மொழியிலயும் மிதிவெடி எச்சரிக்கை. போர் 2009ல முடிஞ்சும் வெடி எடுக்கிற வேலை வருஷக்கணக்கா நடந்துச்சு. பள்ளிக்கூடங்கள்ல பிள்ளைகளுக்குப் பாடத்தோட பாடமா இதையும் சொல்லிக் கொடுத்தாங்க: தெரியாத பொருளைத் தொடாதே, பெரியவங்ககிட்ட வந்து சொல்லு. யோசிச்சுப் பாருங்க, ஒரு பிள்ளைக்கு உலகத்தைப் பத்தி நாம சொல்லித் தர்ற முதல் பாடமே 'எடுத்துப் பார்க்காதே'ங்கிறதா இருந்தா எப்படி?

எடுத்துப் பார்க்கிறதுதானே குழந்தையோட வேலை. நாங்க சின்ன வயசுல இந்தக் கரையில ஒதுங்கின எதையும் விட்டதில்ல. வலை மிதவை, தெர்மாகோல், ஒத்தைச் செருப்பு. செருப்பை வட்டமா வெட்டினா வண்டிக்குச் சக்கரம். ஒரு நாள் ஆரஞ்சுக் கலர்ல, கை நீளத்துக்கு ஒரு குழாய் கிடந்துச்சு. நான் ஓடினேன். ஆயா மீன் கூடையை அப்படியே கீழ போட்டுட்டு, "கை வைக்காதடா! கப்பல்காரன் சாமான்டா அது!"ன்னு கத்தினாங்க. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்து கயிறு கட்டி ஆளுங்களை விலக்கினார். கப்பல்ல ஆபத்துக்குக் காட்டுற புகைக்குழாயா இருக்கலாம்னு அப்புறம் பேசிக்கிட்டாங்க. அன்னைக்கு நான் அழுதது பயத்துல இல்ல. அவ்வளவு அழகான குழாயை எடுத்துக்க விடலையேன்னு.

ஆப்கானிஸ்தான்ல 80கள்ல சோவியத் படை ஹெலிகாப்டர்ல இருந்து கொட்டின ஒரு கண்ணிவெடிக்குப் பட்டாம்பூச்சின்னு பேர். உள்ளங்கையில அடங்கும், எடை 100 கிராம்கூட வராது. குழந்தைகளை ஏமாத்தவே பொம்மை மாதிரி செஞ்சாங்கன்னு உலகம் முழுக்கப் பேச்சு. ஆனா அந்த வடிவத்துக்குக் காரணம் வேற. ஒரு பக்கம் தடிமனா, அதுக்குள்ள திரவ வெடிமருந்து. இன்னொரு பக்கம் மெல்லிசா இறக்கை. மகாகனி மரத்து விதையை மேல தூக்கிப் போட்டிருக்கீங்களா, சுத்திக்கிட்டே மெதுவா இறங்குமே, அதே தத்துவம். பாராசூட் இல்லாமலே தரையில பதமா இறங்கணும். அமெரிக்கா முன்னாடியே செஞ்சிருந்த ஒரு வெடியைப் பார்த்துச் செஞ்ச வடிவம் அது. வரைஞ்சவங்க மனசுல காத்து இருந்துச்சு, எடை இருந்துச்சு. குழந்தையே இல்ல.

குழந்தை இல்லாததுதான் பிரச்சினை. ஏன்னா கீழ விழுந்ததும் அதைப் பார்க்கிறது குழந்தை. இதுல இன்னொரு கொடுமை, ஒரே மிதியில வெடிக்கணும்னு இல்ல. சின்னச் சின்ன அழுத்தங்கள் சேர்ந்து சேர்ந்தும் வெடிக்கும். அப்ப ஒரு பிள்ளை அதை எடுத்து, அமுக்கி, வளைச்சு, தம்பிகிட்ட காட்டி, கொஞ்ச நேரம் விளையாடவும் முடியும். டாய்மேன் வேணும்னே செஞ்சிருந்தாகூட இதைவிடக் கச்சிதமா வந்திருக்காது.

வேணும்னே செய்யறதுக்குச் சட்டம் இருக்கு. 1980 அக்டோபர்ல ஜெனீவாவுல ஒரு ஒப்பந்தம் நிறைவேறுச்சு, சில வகை ஆயுதங்களைக் கட்டுப்படுத்த. அதோட ரெண்டாவது நெறிமுறையில பொறிவெடிகளை எதோட சேர்த்து வைக்கக் கூடாதுன்னு ஒரு பட்டியல் வரும். செஞ்சிலுவைச் சின்னம். காயம்பட்டவங்க, இறந்தவங்க உடல். கல்லறை. மருந்து. குழந்தைகளின் பொம்மை. உணவு, குடிக்கிற பொருள். சமையல் பாத்திரம். விலங்கு. இப்படிப் போகுது. 1996ல திருத்தினப்பவும் பட்டியல்ல பொம்மை அப்படியே இருக்கு. இந்தியா 1984ல இந்த ஒப்பந்தத்துல சேர்ந்துச்சு, இலங்கை 2004ல. இந்தப் பட்டியலை நான் முதல்ல படிச்சப்போ ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துட்டேன். ராஜதந்திரிங்க கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு மேஜையைச் சுத்தி உட்கார்ந்து 'குழந்தைகளின் பொம்மை'ன்னு ஒரு வரி எழுதுற நிலைமைக்கு மனுஷங்க வந்திருக்காங்க. ஷாட் அனுப்பின கரடி பொம்மை, நிஜப் போர்ல, பேர் சொல்லித் தடை செய்யப்பட்ட பொருள்.

நம்ம நாட்டுலயும் சாதாரணப் பொருள் வெடிச்ச நாள் உண்டு. 1985 மே 10, டெல்லியிலயும் சுத்துப்பட்டு இடங்கள்லயும் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள்ள வச்ச குண்டுகள் வெடிச்சுது. பஸ்ல, ரோட்ல, யாரோ விட்டுட்டுப் போன மாதிரி கிடந்த ரேடியோ. எடுத்து ஆன் பண்ணினா போச்சு. அப்பாவோட தலைமுறை ஆளுங்க இப்பவும் கேட்பாரற்றுக் கிடக்கிற பொருள் பக்கம் போக மாட்டாங்க. நாம அதைப் பழைய காலத்துப் பயம்னு சிரிச்சிருக்கோம்.

இப்ப வெடிமருந்தைத் தள்ளி வைங்க. என் துறைக்கு வர்றேன், ஏன்னா இங்க எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் உண்டு.

2017 பிப்ரவரியில ஜெர்மனியில ஒரு பொம்மையைத் தடை பண்ணினாங்க. பேர் 'மை ஃப்ரெண்ட் கெய்லா'. நீள முடி, அழகான முகம், குழந்தை கேள்வி கேட்டா பதில் சொல்லும். உள்ள ஒரு மைக், ஒரு புளூடூத். குழந்தை பேசுறது போன் வழியா கம்பெனியோட சர்வருக்குப் போகும். புளூடூத்ல இணையறதுக்குப் பின் நம்பர் கிடையாது. அதாவது பக்கத்து வீட்டுல இருந்து, தெருவுல இருந்து, யார் வேணும்னாலும் இணைஞ்சு குழந்தை பேசறதைக் கேட்கலாம். பொம்மை வாயால குழந்தைகிட்ட பேசவும் செய்யலாம். அப்போ ஜெர்மனியோட தொலைத்தொடர்புச் சட்டத்துல ஒரு பிரிவு இருந்துச்சு: வேற பொருள் மாதிரி வேஷம் போட்ட ஒட்டுக்கேட்கும் கருவி வச்சிருக்கக் கூடாது. உளவாளிகளுக்காக எழுதின பிரிவு. அதைத்தான் பொம்மை மேல பாய்ச்சினாங்க. பெற்றோர்களே அதைச் செயலிழக்க வைக்கணும்னு சொன்னாங்க.

வேஷம் போட்ட வெடிக்கு ஜெனீவா சட்டம். வேஷம் போட்ட மைக்குக்கு ஜெர்மன் சட்டம். ரெண்டுலயும் குற்றம் ஒன்னுதான், வேஷம்.

அதே மாசம் இன்னொன்னு வெளிய வந்துச்சு. க்ளவுட்பெட்ஸ்னு கரடி, முயல், பூனை மாதிரி மெத்மெத்துன்னு பொம்மைகள். வெளியூர்ல இருக்கிற அப்பா போன்ல பேசி அனுப்பினா கரடி குழந்தைகிட்ட அப்பா குரல்ல பேசும். குழந்தை பதில் சொன்னா அப்பாவுக்குப் போகும். எவ்வளவு நல்ல ஐடியா! துபாய், சிங்கப்பூர்னு அப்பாக்கள் இருக்கிற எத்தனை வீட்டுக்கு இது தேவை, யோசிங்க. ஆனா எட்டு லட்சத்துக்கும் மேலான கணக்குகளோட விவரம் பாஸ்வேர்டே இல்லாத ஒரு மாங்கோடிபி டேட்டாபேஸ்ல இணையத்துல திறந்து கிடந்துச்சு. அது வழியா எட்டிப் பிடிக்கக் கூடிய குரல் பதிவுகள் 20 லட்சம் சொச்சம். ஒரு பிள்ளை ராத்திரி தூங்கப் போகும்போது அப்பாவுக்குச் சொன்னது எல்லாம்.

பாஸ்வேர்ட் வைக்காத அந்த ஆள் டாய்மேனா? கிடையாது. அவனை எனக்குத் தெரியும், அதாவது அந்த மாதிரி ஆளைத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், 'டெஸ்ட்டுக்குத்தானே, திங்கக்கிழமை பூட்டிக்கலாம்'னு திறந்து விட்டிருப்பான். திங்கக்கிழமை வேற வேலை வந்திருக்கும். நானும் ஒரு தடவை அப்படித் திறந்து விட்டிருக்கேன். அதுல குழந்தைங்க குரல் இல்ல, ஏதோ லாக் ஃபைல். என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். திறமைன்னு சொல்லிக்க மாட்டேன்.

நம்ம ஊர்ல 2021 ஜனவரி 1ல இருந்து பொம்மைக்குத் தர முத்திரை கட்டாயம். நல்ல விஷயம். கூர்மையான முனை, வாயில போடுற அளவுக்குக் கழன்டு வர்ற துண்டு, பெயிண்ட்ல ஈயம், தீப்பிடிக்கிறது, மின்சாரம், இதெல்லாம் பார்ப்பாங்க. பொம்மை யாரோட பேசுதுங்கிறது அந்தச் சோதனைக்குள்ள வராது. 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேணும்னு இருக்கு. சம்மதம்னா என்னன்னு நமக்குத் தெரியாதா? பையன் அழுவான், அக்கா 'அக்ரீ'யை அமுக்குவாங்க.

இதெல்லாம் மண்டையில ஓடினதால நேத்து ஒரு காரியம் பண்ணினேன். பையன்கிட்ட ஒரு கள்ளிச்செடி பொம்மை இருக்கு. நாம சொல்றதையே திருப்பிச் சொல்லிக்கிட்டு ஆடுமே, அதேதான், பாதி வீடுகள்ல இருக்கு. ஸ்க்ரூடிரைவர் எடுத்து இந்த மாடியிலயே பிரிச்சேன். ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், மோட்டார், மூணு பேட்டரி, ஒரு சின்ன போர்டு. புளூடூத் இல்ல, வைஃபை இல்ல, ஆன்டெனா மாதிரி எதுவும் இல்ல. கேட்டதைச் சில நொடி வச்சிருந்து திருப்பிச் சொல்லுது, அப்புறம் மறந்துடுது.

பையன் பக்கத்துலயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்தான். "வெடி இருக்கா மாமா?"

"இல்லடா."

"அப்ப திருப்பி மாட்டிடுங்க."

மாட்டினேன். ஒரு திருகு மிச்சமாயிடுச்சு. செடி இப்ப இடது பக்கம் மட்டும்தான் ஆடுது. அக்காவுக்கு இன்னும் தெரியாது.